கேட்டில் பிடிபட்ட ஒத்தையிலை

ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கடையில் பால் டின் வாங்கினால், கடைக்காரர் முதலில் அதில் இரண்டு ஓட்டை போடுவார். அப்புறம்தான் கையில் கொடுப்பார். ஓட்டை போட்ட டின்னை ஒளித்து வைக்க முடியாது. பால் கெட்டுப்போய்விடும். கெட்டுப்போன பாலை யாரும் காட்டுக்குக் கடத்த மாட்டார்கள். அதுதான் சட்டம் போட்டவர்களின் கணக்கு.

அது மலாய் நாட்டில் அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். தோட்டத்து சனங்கள் அவர்களைக் காட்டுக்காரர்கள் என்பார்கள். அதையும் மெதுவாகத்தான் சொல்வார்கள். அந்தக் காட்டுக்காரர்களுக்கு ஒரு கவளம் சோறுகூட வெளியிலிருந்து போகக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. அதற்காக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தொழிலாளர் லயத்து வீடுகளை எல்லாம் காலி பண்ணி, சனங்களை ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள்.

வேலிக்கு ஒரே ஒரு கேட். காலையில் ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் அந்தக் கேட்டில் வரிசையாக நிற்பார்கள். வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பையை உதறிக் காட்ட வேண்டும். சோறு கொண்டுபோகக் கூடாது. ரொட்டித் துண்டு கூடாது. தேநீர் கொண்டுபோகலாம், ஆனால் சீனி போடக் கூடாது.

பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் அலுத்துக்கொண்டார்கள். டொரீன் மட்டும் அந்த ஓட்டை டின்னுக்காகச் சந்தோஷப்பட்டாள்.

டொரீனுக்குப் பத்து வயது. காலியான டின்னைத் தலைகீழாகத் திருப்பி, அப்பாவிடம் கொடுப்பாள். அப்பா சில்வெஸ்டர் அதன் அடித்தகட்டை வெட்டி எடுத்துத் தருவார். கடைக்காரர் போட்ட ஓட்டை இப்போது கீழே போய்விடும். மண் போட்டுச் செடி வைத்தால், தண்ணீர் தேங்காமல் அந்த ஓட்டை வழியாக வடிந்துவிடும்.

"கவர்மென்டே ஓட்டை போட்டுக் குடுக்குது. நமக்கு ஆணி செலவு மிச்சம்," என்பார் அப்பா.

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. அம்மா மவுரீன் தினமும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

டொரீன் வீட்டு வாசலில், கூரைக்குக் கீழே, டின் வரிசை நின்றது. ஒன்றில் மிளகாய். ஒன்றில் புதினா. மூன்றாவது டின்னில் ஒத்தையிலை.

ஒத்தையிலை என்பது டொரீன் வைத்த பெயர். உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் அப்பா அதை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தார்.

"என்னப்பா இது?"

"தெரியலம்மா. மேட்டுல, ரப்பர் முடிஞ்சு காடு ஆரம்பிக்கிற இடத்துல, தரையோட தரையா ஒட்டிக் கெடந்துச்சு. எவனோ தட்டைப் போட்டுட்டுப் போயிட்டான்னு குனிஞ்சேன். பார்த்தா இலை."

வட்டமான இலை. காம்புப் பக்கம் மட்டும் உள்ளே வளைந்து, இதயம் மாதிரி இருந்தது. கரும்பச்சை நிறம். அதன் மேல் வரிவரியாக மடிப்பு. பள்ளிக்கூடத்துப் பாவாடையை இஸ்திரி போட்டு விரித்த மாதிரி. தண்டு என்று ஒன்றைக் காணோம். கிளை இல்லை. பூ இல்லை. ஒரு செடிக்கு ஒரே இலை.

"மீதி இலை எல்லாம் எங்கேப்பா?"

"காட்டுக்காரங்க கீரைன்னு பறிச்சுத் தின்னுட்டாங்க போல."

"மெதுவாப் பேசுங்க!" என்றாள் அம்மா. "அந்தப் பேரைச் சொன்னாலே கூப்பிட்டு விசாரிக்கிறாங்க."

மண்ணுக்குள் நூல் மாதிரி வேர்கள் ஓடின. வேரின் நுனியில் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை உருண்டைகள் இருந்தன. அப்பா கொண்டுவந்த கட்டியில் இரண்டு இலை இருந்தது. ஒன்றை டொரீன் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை, உருண்டையோடு சேர்த்து, பக்கத்து வீட்டுத் தோழி வள்ளியம்மாவுக்குக் கொடுத்தாள்.

சும்மா கொடுக்கவில்லை. ஒரு சிவப்பு ரிப்பனுக்குக் கொடுத்தாள்.

பொங்கல் வந்தது. மழை நின்றுபோனது. வெயில் காய்ந்தது. ஒத்தையிலையின் ஓரம் மஞ்சளானது. டொரீன் தண்ணீர் ஊற்றினாள். இன்னும் மஞ்சளானது. நிழலில் வைத்தாள். பழுப்பானது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் இலையே இல்லை. தொட்டதும் பொடிந்து போகிற ஒரு சருகு மட்டும் கிடந்தது.

அதே வாரம் வள்ளியம்மாவின் இலையும் போய்விட்டது.

"சாகப்போற செடியைக் குடுத்து ஏமாத்திட்ட," என்றாள் வள்ளியம்மா. "என் ரிப்பனைக் குடு."

"குடுக்கும்போது உயிரோடதான் இருந்துச்சு. நீ என்ன செஞ்சியோ!"

"உன்னோடதும்தான் செத்துப்போச்சு. நீ என்ன செஞ்ச?"

 டொரீனுக்குக் கோபம்தான் வந்தது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. வள்ளியம்மா தன் டின்னை எங்கேயோ கவிழ்த்துவிட்டு, அதில் பென்சில் போட்டு வைத்துக்கொண்டாள். டொரீன் ரிப்பனைத் தினமும் பின்னலில் கட்டிக்கொண்டு, வள்ளியம்மா வீட்டு வாசல் வழியாகவே போய்வந்தாள்.

பங்குனி பிறந்ததும் மழை திரும்பியது. தொடர்ந்து சில நாள் இரவு முழுக்க ஊற்றியது. கூரைக்கு வெளியே எல்லாம் சேறு. கூரைக்குக் கீழே இருந்த டின்களுக்கு மட்டும் ஒரு சொட்டு படவில்லை.

டொரீன் ஒத்தையிலை டின்னைக் கொட்டிப் பார்த்தாள். காய்ந்த மண்ணுக்குள் மூன்று வெள்ளை உருண்டைகள். இலை ஒன்றுதான் இருந்தது, உருண்டை மூன்றாகியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே ஈரமாக இருந்தது. அழுகவில்லை.

அவள் யோசித்தாள். வேலிக்குள் வந்ததிலிருந்து பழைய லயத்து மாடுகூடச் சரியாகத் தின்னவில்லை. செடிக்கு மட்டும் இந்த இடம் பிடிக்குமா?

"அப்பா, இதை எடுத்த இடத்துலயே திரும்ப நட்டுடுறீங்களா?"

"செத்துப்போன செடியையா?"

"சாகலை. கோவிச்சுக்கிட்டு இருக்கு."

அப்பா சிரித்தார். "சரி, கட்டிக் குடு. நாளைக்கு மேட்டுலதான் எனக்கு வேலை."

உருண்டை காய்ந்துவிடக் கூடாது அல்லவா? டொரீன் ஒரு வாழையிலையைக் கிழித்துத் தணலில் வாட்டினாள். ஈரமண் ஒரு பிடி வைத்தாள். அதன் நடுவில் மூன்று உருண்டையையும் வைத்தாள். நான்கு பக்கமும் மடித்து, வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். வேலி வருவதற்கு முன்னால், அம்மா அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். கை தானாக அப்படித்தான் கட்டியது.

மறுநாள் காலை ஊரடங்கு முடிந்து கேட் திறந்தபோது, டொரீனும் அப்பாவோடு போனாள். ஒத்தையிலையை வழியனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெண்கள் வரிசை முதலிலேயே போய்விட்டது. புல் வெட்டப் போகிற அம்மாவும் அதில் போய்விட்டாள். இப்போது ஆண்கள் வரிசை.

கேட்டில் சோதனை போடுகிறவர் யூசோப். ஸ்பெஷல் கான்ஸ்டபிள். இதே தோட்டத்தில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அன்றைக்கு அவர் எப்போதும் இல்லாத விறைப்பில் நின்றார். காரணம், பக்கத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் நின்றார். டவுனிலிருந்து திடீர்ச் சோதனைக்கு வந்தவர். வேலிக்கு வெளியே அவருடைய லோரி நின்றது.

யூசோப் அப்பாவின் பையை உதறினார். பொட்டலம் கீழே விழுந்தது.

வாழையிலைப் பொட்டலம்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன இது, சில்வெஸ்டர்?" என்றார் யூசோப்.

செடி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவின் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை.

"காட்டுக்காரங்களுக்கு விருந்து," என்றார் அப்பா. "மூணு உருண்டை. ஆளுக்குக் கால் உருண்டை வரும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யூசோப்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். கொஞ்சம்தான். கேலி புரிகிற அளவுக்குப் புரியாது. காட்டுக்காரர், விருந்து என்ற இரண்டு சொல்லும் புரிந்துவிட்டது.

அவர் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். மூன்று உருண்டையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஊபி," என்றார்.

ஊபி என்றால் மலாயில் கிழங்கு. சிரிப்பு நின்றுவிட்டது.

"துவான், அது செடி! சாப்பாடு இல்ல!" டொரீன் அப்பாவின் கைக்குக் கீழே நுழைந்து முன்னால் வந்தாள். துவான் என்றால் மலாயில் ஐயா.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்து மலாயில் நீளமாக ஏதோ சொன்னார்.

"செடின்னா இலை எங்கேன்னு கேக்குறார்," என்றார் யூசோப்.

"இருந்துச்சு. போயிடுச்சு."

"பூ?"

"பூ இல்ல. இதுக்குப் பூவே கிடையாது."

இன்ஸ்பெக்டர் மறுபடி நீளமாகப் பேசினார். யூசோப் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இலை இல்ல, பூ இல்ல, தண்டு இல்ல. அப்புறம் மிச்சம் இருக்கிறது கிழங்குதானே? சோத்துப் பொட்டலம் மாதிரி கட்டிக் காட்டுப் பக்கம் கொண்டுபோனா அது சாப்பாடுதானேன்னு கேக்குறார்."

 கேள்வி சரியான கேள்வியாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

"இவன் கொட்டகையில உக்காரட்டும்," என்று யூசோப் மொழிபெயர்த்தார். இப்போது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "துவான் கடையைச் சோதனை போட்டுட்டு வருவார். வந்ததும் லோரியில ஏத்திக்கிட்டுப் போவாங்க."

லோரி என்றால் என்னவென்று டொரீனுக்குத் தெரியும். கீழ் லயத்துச் செல்லனை அந்த லோரியில்தான் ஏற்றினார்கள். அவர் பையில் ஒரு பொட்டலம் சீனி இருந்தது. செல்லன் போனது தீபாவளிக்கு முன்னால். இன்னும் வரவில்லை.

அப்பா காவல் கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்தார்.  பிறகு மெதுவாகக் கூப்பிட்டார்.

"டொரீன். நீ பள்ளிக்கூடம் போ."

"அப்பா, நான்தான் வாழையிலையில கட்டினேன்."

"தெரியும். அழகாத்தான் கட்டியிருந்த." கொஞ்ச நேரம் கழித்து, "விருந்துன்னு சொன்னது நான்தானே. போம்மா," என்றார்.

டொரீன் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக்கு ஓடினாள். டின்னைப் பார்த்தாள். காய்ந்த மண். பொடிந்த சருகையாவது காட்டலாம் என்று தேடினாள். அதைக் கோழி கிளறிவிட்டிருந்தது. இலையைக் காட்டு என்றால் இலைக்கு எங்கே போவது? மேட்டுக்குப் போனால் கிடைக்கும். மேடு வேலிக்கு வெளியே இருக்கிறது. கேட்டைத் தாண்ட அவளுக்குப் பாஸ் இல்லை.

அழுகை வந்தது. அழுதால் மூக்கு ஒழுகும், வேறு ஒன்றும் நடக்காது. முகத்தைக் கழுவிக்கொள்ளப் பொதுக்குழாய்க்குப் போனாள்.

குழாயடியில் வள்ளியம்மா நின்றாள். டொரீனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியதில் அவள் பின்னல் தெரிந்தது. பின்னலில் ஒரு பூ இருந்தது.

டொரீன் அப்படி ஒரு பூவைப் பார்த்ததே இல்லை. ஒல்லியான பூ. வெளிறிய பச்சை இதழ்கள், குருவி அலகு மாதிரி விரிந்திருந்தன. நடுவில் ஓர் இதழ் மட்டும் நாக்கைப் போல நீண்டு, இளஞ்சிவப்பாக இருந்தது.

பேச்சு நின்றுபோன இரண்டு பேரில் யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும்.

"இந்தப் பூ ஏது?" என்று கேட்டாள் டொரீன்.

வள்ளியம்மா திரும்பவில்லை. "ரிப்பனைக் குடுக்க வந்தியா?"

டொரீன் பின்னலில் இருந்து ரிப்பனை உருவினாள். வள்ளியம்மா கையில் வைத்தாள். "இந்தா. எங்க பறிச்ச, சொல்லு."

இவ்வளவு சுலபமாக ரிப்பன் கிடைக்கும் என்று வள்ளியம்மா எதிர்பார்க்கவில்லை. அதனால் கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"குளிக்கிற கொட்டகைக்குப் பின்னாடி. ரம்புத்தான் மரத்தடியில," என்றாள். "உன் செத்த செடியைக் கொட்டினேன்ல, அந்த இடத்துல. இன்னும் ஒண்ணு இருக்கு. ஏன், என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

டொரீன் ஓடிக்கொண்டே சொன்னாள். வள்ளியம்மா ஓடிக்கொண்டே கேட்டாள்.

ரம்புத்தான் மரத்தடி நல்ல நிழல். சருகு மெத்தையாகக் கிடந்தது. நாலைந்து இரவு பெய்த மழையில் எல்லாம் ஊறியிருந்தது. அந்தச் சருகுக்குள்ளிருந்து ஓர் ஒல்லித் தண்டு எழும்பி நின்றது. ஒரு சாண் உயரம்தான். நுனியில் ஒரு பூ தலைகுனிந்து தொங்கியது. பக்கத்தில், வள்ளியம்மா பறித்த இன்னொரு பூவின் காம்பு.

தண்டில் ஓர் இலைகூட இல்லை. அடியிலும் இல்லை. சுற்றிலும் இல்லை.

"இது வேற என்னவோ," என்றாள் வள்ளியம்மா. "உன்னோடது இலை. இது பூ. இலையே இல்லாம எப்படிப் பூக்கும்?"

டொரீனும் அதைத்தான் யோசித்தாள். ஆனால் கொட்டிய இடத்திலேயே முளைத்திருக்கிறது. அவள் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துத் தண்டைச் சுற்றி மெதுவாகத் தோண்டினாள். தண்டு வெள்ளையாகக் கீழே கீழே போனது. அதன் அடியில் ஓர் உருண்டை. வெள்ளை. கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே மோதிரம் மோதிரமாகக் கோடு.

வள்ளியம்மா குனிந்து பார்த்தாள்.

"உன் உருண்டை!" என்றாள் வள்ளியம்மா.

"இல்ல. உன் உருண்டை," என்றாள் டொரீன். "அது சாகவே இல்ல, வள்ளி. தூங்கியிருக்கு. மழை எழுப்பிவிட்டிருக்கு. என்னோடது கூரைக்குக் கீழே இருந்துச்சு. யார் எழுப்புவாங்க?"

மண்ணோடு பெயர்த்து டின்னில் வைக்க வேண்டும். வள்ளியம்மா ஓடிப்போய்ப் பென்சிலைக் கொட்டிவிட்டுத் தன் பழைய டின்னைக் கொண்டுவந்தாள். ஆனால் தண்டு ஈர நூல் மாதிரி இருந்தது. தூக்கினால் சாய்ந்தது. ஓடினால் ஒடிந்துவிடும். ஒடிந்துவிட்டால் பூ வேறு, உருண்டை வேறு. அப்புறம் இன்ஸ்பெக்டர் எதை நம்புவார்?

வள்ளியம்மா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் தண்டின் பக்கத்தில் ஊன்றினாள். கையில் இருந்த ரிப்பனைப் பார்த்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அதையே குச்சிக்கும் தண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"ஓடாத," என்றாள். "வேகமா நட."

அவர்கள் கேட்டுக்குப் போனபோது லோரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு காலைத் தூக்கிப் பின்படியில் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் முன் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"யூசோப் அண்ணே! நிறுத்துங்க!" என்று வள்ளியம்மா கத்தினாள். அவள் கத்தினால் பள்ளிக்கூட மணி தேவையில்லை என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

டொரீன் டின்னை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"துவான், அந்த உருண்டையை எடுத்து இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அவள் ஈரமண்ணை விரலால் ஒதுக்கினாள். தண்டுக்கு அடியில் உருண்டை தெரிந்தது. யூசோப் கொட்டகைக்குள் போய்ப் பிரித்துப்போட்ட பொட்டலத்தைக் கொண்டுவந்தார். மூன்று உருண்டையில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

ஒரே வெள்ளை. ஒரே அளவு. ஒரே மோதிரக் கோடு.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னும் குனிந்தார். தண்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு டொரீனைப் பார்த்து மலாயில் பேசினார். இந்த முறை மெதுவாகப் பேசினார்.

"காலையில நீ இதுக்குப் பூவே கிடையாதுன்னு சொன்ன. இலை இருக்கும்னு சொன்ன. இப்ப பூ இருக்கு, இலை இல்ல. எது உண்மைன்னு கேக்குறார்," என்றார் யூசோப்.

"காலையில எனக்குத் தெரியாது," என்றாள் டொரீன். "இலை இருந்தப்போ நான் பார்த்தேன், பூ இல்ல. பூ இருக்கிறப்போ இப்ப பார்க்கிறேன், இலை இல்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்ததே இல்ல போல. இந்தக் கேட்டுல அம்மா வரிசை போனதும் அப்பா வரிசை வரும்ல, அந்த மாதிரி."

யூசோப் அதை மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டரின் மீசை கொஞ்சம் அசைந்தது.

"பூ போனதும் இலை வருமா?" என்று யூசோப் மூலம் கேட்டார்.

வரும் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். டொரீன் அப்பாவைப் பார்த்தாள். லோரியைப் பார்த்தாள்.

"வரும்னு நினைக்கிறேன், துவான். ஆனா நான் பார்த்ததில்ல."

அப்போது வள்ளியம்மா பொட்டலத்துக்கு மேல் மூக்கை நீட்டினாள். "இங்க பாரு! இதுல மூக்கு வந்திருக்கு!"

மூன்று உருண்டையில் ஒன்றின் தலையில், அரிசி முனை அளவுக்கு, ஒரு வெள்ளைக் குருத்து. இரவு முழுக்க ஈரமண்ணில், ஈர இலையில் கிடந்ததில் அதுவும் விழித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் அந்தக் குருத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார். அப்பாவைப் பார்த்து நீளமாகப் பேசினார். மிக நீளமாக. கையை ஆட்டிப் பேசினார். வானத்தைக் காட்டிப் பேசினார்.

எல்லாரும் யூசோப்பின் வாயைப் பார்த்தார்கள்.

"போகலாமாம்," என்றார் யூசோப்.

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா. "கோயில் பிரசங்கம் அளவுக்குப் பேசினாரே?"

"மீதி உன் வாயைப் பத்தி. அதை மொழிபெயர்க்க எனக்குத் தெரியாது லா." பிறகு டொரீன் பக்கம் திரும்பினார். "உனக்கும் ஒண்ணு சொன்னார். இனிமே எதையும் வாழையிலையில கட்டாத."

உருண்டைகள் மட்டும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். சட்டம் சட்டம்தான். பூவையும் உருண்டைகளையும் ஒரே டின்னில் வைத்துக் காவல் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். இலை வந்தால் தனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

லோரி அப்பாவை ஏற்றாமலே போனது.

அன்றைக்கு மரம் சீவ நேரமாகிவிட்டது. வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி அப்பாவைக் கண்டதும் திட்ட வாயைத் திறந்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் மேட்டுக்கு நடந்தார். சன்னாசிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "உடம்புக்கு என்னப்பா?" என்று பின்னாலேயே போனார்.

பூ சீக்கிரமே வாடிவிட்டது. தண்டு சுருண்டு விழுந்தது. டின்னில் வெறும் மண்ணும், ஓர் ஈர்க்குச்சியும், அதில் ஒரு சிவப்பு ரிப்பனும் மட்டும் நின்றன. தெரியாதவர்கள் பார்த்தால், யூசோப் குச்சி வளர்க்கிறார் என்று நினைப்பார்கள். வரிசையில் நின்றவர்கள் அப்படித்தான் சொல்லிச் சிரித்தார்கள்.

"யூசோப் அபாங், உங்க குச்சி எப்படி இருக்கு? ஒரு விரல்கடை வளர்ந்திருக்குமா?"

யூசோப் டின்னை நிழலில் நகர்த்தி வைப்பார். மழை வந்தால் வெளியே வைப்பார். டொரீனும் வள்ளியம்மாவும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வருவார்கள். ரிப்பன் யாருடையது என்ற பேச்சே வரவில்லை. அது இப்போது டின்னுடையது.

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாள் ஆனது. ஒரு காலை அப்பா வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். பையை உதறிக் காட்டினார். நகரப் போனார்.

"சில்வெஸ்டர்! நில்லு!" என்று யூசோப் கத்தினார்.

வரிசை திடுக்கிட்டது. அப்பா இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"நான் ஒண்ணும் பேசலியே!"

"ஓடிப்போய் உன் மகளைக் கூட்டிக்கிட்டு வா. அந்தச் சத்தக்காரியையும் கூட்டிக்கிட்டு வா."

டொரீன் பாதி பின்னலோடு ஓடிவந்தாள். வள்ளியம்மா பல்குச்சியோடு ஓடிவந்தாள்.

டின்னில், ஈர்க்குச்சியின் பக்கத்தில், சுருட்டிய குடை மாதிரி ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. அதன் ஓரம் மட்டும் கொஞ்சம் அவிழ்ந்திருந்தது. உள்ளே வரிவரியாக மடிப்பு. இஸ்திரி போட்ட பாவாடை மடிப்பு.

"ஒத்தையிலை!" என்றாள் டொரீன்.

"நான் சொல்லல?" என்றாள் வள்ளியம்மா. அவள் சொல்லவே இல்லை. ஆனாலும் டொரீன் அதை மறுக்கவில்லை.

யூசோப் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினார். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் அடுத்த முறை லோரி வந்தபோது இன்ஸ்பெக்டர் முதலில் கொட்டகைக்குள் போனார். தட்டு மாதிரி விரிந்து கிடந்த இலையைக் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு மடிப்பைத் தடவினார். வெளியே வந்து, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

யூசோப் மட்டும் விடவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் கேட்டைத் திறந்ததும் அவர் முதலில் சோதனை போட்டது அந்த டின்னைத்தான். அதற்கப்புறம்தான் ஆட்களை.